கடைசிப் பக்கம் ஸ்டெல்லா அக்கா வீட்டில்

வியாழக்கிழமை சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் பூட்டைத் திறந்து, பையை ஒரு மூலையில் தூக்கிப் போட்டுவிட்டு, சுவரில் காதை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் கேட்கிறது.

கறுக். கறுக். கறுக்.

அவசரமில்லாமல், கோணாமல், காகிதத்தை வெட்டும் சத்தம். அந்தக் கத்தரிக்கோலுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பது ஒரு சீனத்துப் பெண். போன வாரம் அவளை மலைச்சரிவில், பனியில், கால் வழுக்கிய நிலையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவள் விழுந்தாளா, எதையாவது பிடித்துக்கொண்டாளா என்று ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

சத்தம் நின்றதும் குரல் வரும்.

"சுமதீ... புக்கு ரெடிடீ. வந்து வாங்கிக்கினு போ!"

செருப்புகூடப் போடாமல் ஓடுவேன்.

ஒரு தாளில் இரண்டு கதை

நாங்கள் அப்போது நசரத்பேட்டையில் இருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. பெங்களூர் ரோட்டை ஒட்டி உள்ளே தள்ளி ஒரு காம்பவுண்டு, வரிசையாகச் சில போர்ஷன்கள், நடுவில் ஒரு வாதாம் மரம், ஒரு அடிபம்பு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. அம்மாவும் அங்கேயே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைத்தாள். இருவரும் காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்கள். நான் ஒற்றைப் பிள்ளை. பள்ளி விட்டதிலிருந்து அவர்கள் வரும்வரை எனக்குப் பேச்சுத்துணை என்று சொன்னால் அடிபம்பைத்தான் சொல்ல வேண்டும். அது நான் அழுத்தினால் ஒரு வார்த்தை பேசும்.

அடுத்த போர்ஷனில் ஸ்டெல்லா அக்கா. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அவருடைய வீட்டுக்காரர் சேகர் மாமா துணை ராணுவத்தில். வடக்கே எங்கேயோ எல்லையில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வருவார், சப்பாத்தி சுட்டுத் தருவார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் அக்கா தனி ஆள்.

அக்கா ஒரு வார இதழ் வாங்குவார். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. "காச குடுத்து பொய் கதைய வாங்கணுமா? அதான் ஊர்ல ஓசிலயே சொல்றானுங்களே" என்பது அப்பாவின் கட்சி.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தொடர்கதையை வாரா வாரம் வெட்டி எடுத்து, பத்திரமாக அடுக்கி வைத்து, கதை முடிந்ததும் பைண்டிங் செய்து புத்தகமாக்கிக்கொள்வது அன்று வீட்டுக்கு வீடு நடந்த காரியம். கடையில் வாங்கிய புத்தகத்தைவிட இதற்கு மவுசு அதிகம். பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பைண்டர் இருந்தார். அவர் கடைக்குள் போனாலே மயில்துத்தம் கலந்த பசை வாடை மூக்கில் ஏறும். பூச்சி அரிக்காமல் இருக்க அதைக் கலப்பார். யாருடைய வீட்டில் பழைய பைண்டிங்கைத் திறந்தாலும் அதே வாடை. எனக்குக் கதை என்றால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த வாடைதான்.

ஸ்டெல்லா அக்கா சேர்த்தது ஒரு குடும்பக் கதை. மருமகள் ஒருத்தி வாரா வாரம் அழுவாள். நான் சேர்த்தது 'பேரரசரின் முரசு'. பெரிய பிள்ளைகளுக்கென்று போட்ட வீரசாகசக் கதை. பழைய சீனாவில், பேரரசர் காலத்தில் நடப்பது.

இதழைக் கோத்தவர் யாரோ, எனக்கு வினையாக ஒரு காரியம் செய்திருந்தார். என் கதையின் கடைசிப் பக்கமும் அக்கா கதையின் முதல் பக்கமும் ஒரே தாளின் முன்னும் பின்னும். வாரா வாரம் அப்படித்தான். அக்கா தன் கதையை வெட்டி எடுத்துக்கொண்டு மீதி இதழை எனக்குத் தருவார். அதில் என் கதை இருக்கும், கடைசிப் பக்கம் இருக்காது.

தொடர்கதையில் உயிர் இருப்பதே கடைசிப் பக்கத்தில்தானே? 'பாலத்தின் நடுவே அவள் வந்தபோது, அக்கரையில் நின்றவன் இடுப்பிலிருந்து கத்தியை உருவி' என்று படித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினால் வெண்டைக்காய் மோர்க்குழம்பு செய்முறை வரும்.

"அக்கா, அந்தப் பேப்பர ஒரு நாளைக்குக் குடுக்கா. படிச்சிட்டு ஒடனே குடுத்துடறேன்."

"ஐயே, தொலைச்சிட்டீனா? ஊட்ட வுட்டு அது வெளிய போவாது. இங்கியே குந்தி படி. சத்தமா படி, நானும் கேக்கறேன்."

அப்படித்தான் வியாழக்கிழமைகள் அக்கா வீட்டில் கழிந்தன. நான் என் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பேன். அக்கா பால் இல்லாத டீயில் எலுமிச்சை பிழிந்து தருவார். பிறகு அவருடைய மருமகளையும் நானே படித்து அழவைக்க வேண்டும். அது முடிந்தால் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்ற பஞ்சாயத்து. வாசலில் அம்மாவின் குரல் கேட்கும்வரை அது ஓடும். வெள்ளிக்கிழமை மறுபடி படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். சனிக்கிழமையும் தோன்றும். மொத்தத்தில் அந்த வருஷம் என் வீட்டில் நான் இருந்த நேரம் குறைவு.

நசரத்பேட்டைக்கு வந்த சீனா

கதை எழுதியவர் சீனாவுக்குப் போயிருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய சீனர்கள் விடிந்ததும் கஞ்சி குடித்தார்கள். கோபம் வந்தால் "அடேய் அற்பனே!" என்றார்கள். படம் போட்டவர் அதற்கு மேல். பெருஞ்சுவரைச் செஞ்சிக் கோட்டை மாதிரி போட்டு, பேரரசருக்கு நாடக மேடை ராஜாவின் கிரீடத்தைச் சூட்டியிருந்தார்.

ஆனால் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. யூலான் என்று ஒரு பெண், பதினாலு வயது. அவளுடைய அப்பா ஆற்றங்கரைக் கணக்கர். கரையைக் கட்டியவர்கள் உள்ளே வெறும் வைக்கோலை அடைத்துவிட்டு மேலே செங்கல் அடுக்கிவிட்டார்கள், வெள்ளம் வந்தால் ஊரே போய்விடும் என்று உண்மையைச் சொன்னதற்காக அவரைப் பிடித்துச் சிறையில் போட்டு மரண தண்டனை விதித்துவிட்டார்கள். அந்த நாட்டில் தண்டனையை நிறைவேற்றுவது இலையுதிர் காலத்தில்தான். இலை உதிர்வதற்குள் அவள் தலைநகரம் போய்ச் சேர வேண்டும். அரண்மனை வாசலில் ஒரு பெரிய முரசு இருக்கிறது, நம் ஊர்க் கதைகளில் வரும் ஆராய்ச்சி மணி மாதிரி. நியாயம் கிடைக்காத யார் வேண்டுமானாலும் அதை அடிக்கலாம். அந்தக் கரையிலிருந்து வைக்கோல் ஒட்டிய செங்கல் ஒன்றைச் சாட்சிக்கு மடியில் கட்டிக்கொண்டு, உப்பு வணிகர்களின் வண்டிகளோடு சேர்ந்து யூலான் புறப்படுகிறாள்.

உப்பு வண்டிகளுக்கு எனக்குக் குறைவில்லை. பெங்களூர் ரோட்டில் தார்ப்பாய் போர்த்திய லாரிகள் நாளெல்லாம் போகும். காம்பவுண்டு கேட்டில் தொங்கிக்கொண்டு, இதோ போகிறாள் யூலான், அந்த மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இலையுதிர் காலத்துக்குத்தான் கொஞ்சம் திண்டாட்டம். எங்கள் பக்கம் வெயில் காலம், ரொம்ப வெயில் காலம், ஐப்பசி மழை, அவ்வளவுதான். அக்காதான் வாதாம் மரத்தைக் காட்டினார். "அது வருசா வருசம் செவந்து கொட்டுதுல்ல? அத்த கணக்கு வெச்சிக்கோ. அது கொட்டறதுக்குள்ள உன் சீனாக்காரி போயி சேர்ந்துட்டானா அவங்கப்பன் பொழைச்சான்."

அன்றிலிருந்து இருவரும் மரத்தைப் பார்த்தோம். ஒரு இலை சிவந்தால் அக்கா சுவரைத் தட்டுவார்.

"கதவு தொறப்பாங்களா?"

ஸ்டெல்லா அக்காவின் அம்மா வீடு ஆவடியில். பூந்தமல்லியில் பஸ் ஏறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆவடி. ஆனால் அக்கா அந்த வீட்டுக்குப் போக மாட்டார். சேகர் மாமா இந்து, அக்கா கத்தோலிக்கர். வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவர்கள். மாமாவின் வீட்டிலும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அக்கா பண்டிகைக்கு மட்டும் ஆவடிக் கோயிலுக்குப் போய் வருவார். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பிறகு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன்.

"எங்கம்மா முன்னாடி வரிசைல குந்திகினு இருந்துச்சிக்கா. நான் பின்னாடி கீறேன்னு தெரியும். திரும்பவே இல்ல. பூசை முடியறவரைக்கும் அது கழுத்தியே பாத்துகினு இருந்தேன்."

அம்மா அக்காவின் தலையை வாரிவிட்டாள். எனக்கு அப்போது பெரிதாக ஒன்றும் புரியவில்லை. ஊர் உலகத்தில் நான்தான் தனி ஆள் என்ற நினைப்பு எனக்கு. பெரியவர்களுக்குத் தனிமை இருக்கும் என்றே தெரியாது. அவர்களுக்குத்தான் எங்கே வேண்டுமானாலும் பஸ் ஏறிப் போகலாமே!

கதையில் யூலான் தலைநகரத்தை நெருங்கிய வாரம் என்று நினைவு. நான் படித்து முடித்தேன். அக்கா டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன்டி சுமதி, இவ பாட்டுக்குப் போயி அந்த மொரச அடிக்கறா. கதவு தொறப்பாங்களா?"

"தொறப்பாங்கக்கா. அதான் சட்டம்."

"சட்டம் கெடக்குது. உள்ள கீறவங்களுக்குக் கேக்கணும்ல? கேட்டும் கேக்காத மாதிரி குந்திகினு இருந்தா இன்னா பண்ணுவா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கதையில் அப்படியெல்லாம் நடக்காது என்று சண்டை போட்டேன். அக்கா சிரித்தார். "சரி சரி, பாப்போம். முடியறப்போ சொல்லு" என்றார்.

கட்டிலுக்கு அடியில்

மரம் பாதி கொட்டியிருந்த சமயம் சேகர் மாமா வந்தார். இந்தத் தடவை சப்பாத்தி சுட வரவில்லை. அவருக்கு வடக்கே வேறு ஊருக்கு மாற்றல், குடும்பத்தோடு இருக்க குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் கிளம்புகிறார்கள்.

எனக்கு முதலில் வந்த கவலை அக்கா போவதைப் பற்றி அல்ல. கடைசிப் பக்கங்களைப் பற்றி. ஒரு வருஷத்துக் கடைசிப் பக்கங்களும் அக்காவின் மருமகளோடு ரயிலேறிவிடும். என் கதை ஒவ்வொரு அத்தியாயத்திலும் தலை போன முண்டமாக நிற்கும். அக்காவிடம் கேட்டு வாங்கலாம் என்றால், அவருடைய கதைக்கு முதல் பக்கம் போய்விடும். அதைக் கேட்க வாய் வரவில்லை.

"கையால எழுதிக்கறேன்கா" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "எழுதிக்கோ" என்றார்.

அப்பா பட்டறையிலிருந்து ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள்களைக் கொண்டுவந்து தந்தார். பள்ளி விட்டதும் நேரே அக்கா வீடு. அவர் பாத்திரத்தைக் கோணியில் கட்டிக்கொண்டிருப்பார். நான் தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டே இருப்பேன். பனிமலை, கயிற்றுப் பாலம், உப்பு வணிகனின் துரோகம், எல்லாவற்றையும் எழுதினேன். விரலில் பேனா அழுத்திய இடம் கன்றிப்போனது. அக்கா நடுநடுவே வந்து எழுத்தைப் பார்ப்பார். "மெதுவா எழுது, கோழி கிண்டன மாதிரி கீது" என்பார்.

எழுதி முடிக்கும் தறுவாயில், அந்தச் சனிக்கிழமை, பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நின்றார். சேகர் மாமா கட்டிலை நகர்த்தினார். அதன் அடியிலிருந்து ஒரு பேப்பர்க் கட்டை இழுத்து வெளியே போட்டார். கயிறு தளர்ந்து இதழ்கள் தரையில் சரிந்தன.

எல்லாம் அதே வார இதழ். எந்த இதழிலும் ஒரு தாள்கூட வெட்டப்படவில்லை.

மாமா ஒன்றை எடுத்துப் புரட்டினார். நான் பரப்பி வைத்திருந்த வெட்டிய தாள்களையும் பார்த்தார்.

"இன்னாம்மே இது? ஒரே புக்க ரெண்டு ரெண்டா வாங்கிகினு கீற?"

அக்கா கோணி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

எனக்கு விஷயம் மெதுவாகத்தான் ஏறியது. அக்காவின் மருமகள் முழுசாகக் கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறாள். அந்தத் தாளை வெட்டுவதற்குத் தேவையே இருந்ததில்லை. வாரா வாரம் இன்னொரு இதழை வாங்கி, எனக்குத் தருவதற்கு முன்னால் என் கடைசிப் பக்கம் எனக்குக் கிடைக்காமல் இருக்கவே தன் கதையை வேலை மெனக்கெட்டு வெட்டி எடுத்திருக்கிறார்.

"அப்ப எதுக்குக்கா வெட்டுன?" என்றேன். கன்றிப்போன விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முழுசா குடுத்துட்டா நீ உங்க ஊட்லயே குந்தி படிச்சிடுவ இல்ல?"

பேப்பர்காரர் வெளியிலிருந்து "இன்னா சார், போடலாமா?" என்று குரல் கொடுத்தார். சேகர் மாமா குனிந்து இதழ்களை அடுக்கி மறுபடி கயிற்றைக் கட்டினார். "இது இல்லப்பா. நீ போ" என்றார்.

அக்கா உட்கார்ந்து, வெட்டிய தாள்களையெல்லாம் ஒழுங்காகத் தட்டி அடுக்கி என் மடியில் வைத்தார். எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே அக்காவின் மடியில் படுத்துக்கொண்டேன். கோபப்பட வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை டெம்போ வந்தது. "போயி சேர்ந்ததும் விலாசம் எழுதறேன். சீனாக்காரி இன்னா ஆனான்னு சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அக்கா முன்சீட்டில் ஏறினார். மரத்தடியில் இலைகள் நிறைய கிடந்தன. டெம்போ அவற்றின்மேல் ஏறிப் போனது.

விலாசம் வரவில்லை. அங்கே என்ன நடந்ததோ, என்ன வேலையோ. நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரொம்ப நாள் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நின்றிருக்கிறேன்.

முரசு

அடுத்த வியாழக்கிழமை சுவரில் காது வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

அன்று அப்பா சீக்கிரம் வந்தார். சாப்பாட்டுக் கூடையிலிருந்து, சட்டைத்துணியில் சுற்றி வைத்திருந்த வார இதழை எடுத்து என்னிடம் நீட்டினார். பொய் கதைக்குக் காசு கொடுத்த வெட்கத்தில் உடனே கை கால் கழுவப் போய்விட்டார்.

அதில் 'முற்றும்' போட்டிருந்தது. ஒரு வருஷத்தில் முதல்முறையாக என் கையில் முழு அத்தியாயம். பக்கத்தைத் திருப்பினால் அடுத்த பக்கம் இருந்தது. வெண்டைக்காய் வரவில்லை.

யூலான் வாசலுக்கு வந்துவிட்டாள். கடைசி இலைகள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. காவலர்கள் தடுக்கிறார்கள். அவள் முரசை அடிக்கிறாள். உள்ளே சத்தமில்லை. மறுபடி அடிக்கிறாள். கை தோல் உரிகிறது. ஒரு முழுப் பக்கத்துக்கு அவளை அடிக்கவிட்டிருந்தார் எழுதியவர். அதற்குப் பிறகு, மிக மெதுவாக, உள்ளே தாழ்ப்பாள் விலகும் ஓசை.

நான் சத்தமாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன், பழக்கத்தில். அந்த வரி வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி, "அக்கா, தொறந்துட்டாங்க" என்றேன். அடுத்த போர்ஷன் காலியாக இருந்ததால் என் குரல் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

அன்றிரவே அந்தக் கடைசிப் பக்கத்தையும் ஒரு தாளில் கையால் எழுதினேன். எழுதத் தேவையே இல்லை, அச்சுத் தாள் என் கையிலேயே இருந்தது. ஆனாலும் எழுதினேன்.

பைண்டர் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போனார். "இன்னா பாப்பா, ஒவ்வொரு முடிவும் ரெண்டு ரெண்டா கீது? கையால எழுதனத எடுத்துடவா?"

"வேணாம். ரெண்டும் இருக்கட்டும்" என்றேன்.

அந்தப் புத்தகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. மயில்துத்தப் பசை வாடை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதில் யூலான் ஒவ்வொரு ஆபத்திலும் இரண்டு முறை மாட்டுகிறாள். ஒருமுறை அச்சில், ஒருமுறை என் கோழி கிண்டிய எழுத்தில். அரண்மனைக் கதவும் இரண்டு முறை திறக்கிறது. ஆவடிக் கதவு ஒருமுறையாவது திறந்ததா என்று எனக்குத் தெரியாது.

இந்த இதழில் நான் எழுதிவரும் தொடரை யாராவது வெட்டிச் சேர்க்கிறீர்களா என்று தெரியவில்லை. அந்தப் பழக்கம் இப்போது குறைந்துவிட்டது. இந்தப் பக்கத்துக்குப் பின்னால் என்ன அச்சாகியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது அந்தப் பக்கம் வேண்டும் என்றால், தயவுசெய்து இன்னொரு பிரதி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வந்து உட்கார்ந்து படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.